நிமிர்த்தி வைத்த வாழைத்தோட்டம்

என் பெரியம்மாவுக்கு இரண்டு தொழில். காலையில் துணி தைப்பார், மதியத்துக்கு மேல் காப்பீடு விற்பார். இரண்டையும் கலந்துகொள்வதும் உண்டு. கழுத்தளவு எடுக்கும்போதுதான், "பயிருக்கு பாலிசி போட்டாச்சா?" என்று கேட்பார். டேப் கழுத்தைச் சுற்றியிருக்கும் நேரத்தில் எவனுக்கு மறுக்க வாய் வரும்?

கோழி, மாடு, வாழை, மனுஷன் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பாலிசி ஃபாரம் உண்டு. தோளில் தொங்கும் பையில் ஃபாரங்கள், மை டப்பா, மூக்குக்கண்ணாடி, துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல். கத்தரிக்கோல் எதற்கு என்று கேட்டேன். "வழியில யாராவது துணி குடுத்தா?" என்றார்.

அவரிடம் வம்பு பண்ணாமல் இருப்பது எனக்குக் கஷ்டம். ஒருநாள் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு போன் செய்தேன்.

"மேடம், என் மீசைக்கு இன்ஷூரன்ஸ் போடணும்."

"எத்தனை வருஷத்து மீசை சார்?" என்றார் பெரியம்மா, படு சீரியஸாக.

நான் சிரித்து மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து தெரியாத ஆண்குரல் எது வந்தாலும் அவருக்கு என் மேல்தான் சந்தேகம்.

எங்கள் பக்கத்தில் பயிருக்கு முதலில் பாலிசி போட்டவர் அளவுகோல் மாமா. வாழைக்கன்று நடும்போது கயிறு பிடித்துத்தான் நடுவார். ஒரு கன்று ஒரு சாண் விலகினாலும் பிடுங்கி மறுபடி நடுவார். பெயர் அப்படி வந்தது. அவரைச் சம்மதிக்க வைக்கப் பெரியம்மா ஆறு மாதம் நடையாய் நடந்தார். அவர் போட்டதைப் பார்த்து இன்னும் இருபது முப்பது பேர் போட்டார்கள். "நிஜமாவே ஏதாவது வருதான்னு பாப்போம்" என்று மீதிப்பேர் காத்திருந்தார்கள்.

குலை தள்ளும் நேரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை காற்று வந்தது. அரைமணி நேரம்தான். மாமாவின் தோட்டத்தில் பாதிக்கு மேல் நடுத்தண்டு முறிந்து விழுந்தது. அவர் வீட்டின் ஒரு வருஷத்துச் சோறு அது. பெரியம்மா உடனே கம்பெனிக்குத் தகவல் சொன்னார்.

சாயங்காலம் அவருக்கு ஒரு போன். கட்டைக்குரல்.

"டேய் கழுதை, மீசை என்னாச்சுடா? வீட்டுக்கு வா, காதைத் திருகுறேன்!"

அந்தப் பக்கம் ஒரு செருமல். "நான் காப்பீட்டுக் கம்பெனியிலேர்ந்து பயிர் ஆய்வாளர் பேசுறேன். வியாழக்கிழமை வர்றேன்." வைத்துவிட்டார்.

பெரியம்மாவுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் மாமாவைக் கூப்பிட்டு, "தம்பி, ஆபீசர் வியாழக்கிழமை வர்றாரு" என்று மட்டும் சொன்னார். எல்லோரிடமும் தவறாமல் சொல்லும் ஒன்றை அன்று மறந்துபோனார்: சேதமானதைத் தொடாதீங்க.

வியாழக்கிழமை பை தூக்க வருகிறேன் என்று நானும் போனேன். நிஜக் காரணம், திட்டு வாங்கிய அந்தக் கட்டைக்குரல்காரரைப் பார்ப்பது.

தோட்டத்து வாசலில் மாமா சலவைச் சட்டையோடு, தலையைப் படிய வாரி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வாழைகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. வரிசை பிசகாமல்.

ஆய்வாளர் போனில் படம் எடுக்கப் போனவர் கையை இறக்கினார். "என்ன மேடம் இது? மரமெல்லாம் ஜம்முனு நிக்குது?"

பெரியம்மா மாமாவைப் பார்த்தார். "தம்பி... என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"பெரிய ஆபீசர் வர்றாருன்னீங்களேக்கா! அலங்கோலமாவா காட்டுறது? நானும் வீட்டுக்காரியும் ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம தூக்கி நிறுத்தி, முட்டுக்கொம்பு வச்சு கட்டிட்டோம்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வேறு.

"மீசை, காதுன்னு வேற பேசுனீங்க," என்று ஆய்வாளர் பையை மூடினார். "சேதம் இல்லைன்னுதான் எழுதுவேன்."

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரியம்மா என் தோளிலிருந்த பைக்குள் கையை விட்டார். கத்தரிக்கோலோடு முதல் வரிசைக்குப் போய், கயிற்றை ஒரே வெட்டு. வாழை ஒரு கணம் யோசித்தது. பிறகு இடுப்பில் மடிந்து, தொப்பென்று விழுந்தது.

"ஐயோ, அக்கா! வேணாம்க்கா!"

"சும்மா இருங்க தம்பி!" அடுத்த கயிறு. தொப். அடுத்தது. தொப். ஆய்வாளர் காலுக்குப் பக்கத்தில் ஒன்று விழ, அவர் துள்ளிக் குதித்தார்.

"சார், குனிஞ்சு பாருங்க. இப்ப முறிஞ்சதா இது?"

அவர் குனிந்தார். முறிந்த இடம் கறுத்துக் காய்ந்திருந்தது. இலை ஓரமெல்லாம் வாடியிருந்தது. அவர் மெதுவாகப் போனை வெளியே எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார். "மீதியையும் வெட்டுங்க மேடம்."

பெரியம்மாவுக்குக் கை வலித்ததும் நான் வாங்கி வெட்டினேன். ஒவ்வொன்று விழும்போதும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். முந்நூற்றுப் பதினெட்டு. கடைசி வரிசையில் ஆய்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"விழுறதுகூட வரிசையா விழுதுங்க உங்க தோட்டத்துல!"

"கயிறு பிடிச்சு நட்டது சார்," என்றார் மாமா. கண்ணில் தண்ணீர், குரலில் மட்டும் அந்தப் பழைய மிடுக்கு.

அதன் பிறகு பதினோரு நாள். பெரியம்மாவுக்கு ஊசி ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்தார். நான் கிண்டல்கூடப் பண்ணவில்லை. அதைப் பார்த்து எனக்கு ஜுரமோ என்று அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். கட்டைக்குரல்.

"மேடம், உங்க வாழைக்காரருக்கு முழு இழப்பீடும் பாஸாயிடுச்சு."

பெரியம்மாவின் கண் சுருங்கியது. "டேய்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று திரும்பினார்.

நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து அந்த இடது கையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நானில்லை என்று என் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.

"சொல்லுங்க சார்," என்றார் பெரியம்மா, நாற்காலியைத் தேடியபடி.