அக்காவுக்குத் தைத்த திரை

என் அக்காவின் கணவர் ஜன்னல் திரை தைப்பவர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அத்தானைப் பார்த்தால் வேறு யாரோ என்று நினைப்பேன். விருந்துக்குப் போன வீட்டிலும் பேச்சுக்கு நடுவே ஜன்னலைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பார்.

குளிர்காலம் வந்து பொழுது சுருங்கினால் அக்காவும் சுருங்கிப்போவாள். படுத்தால் எழ மாட்டாள், எழுந்தாலும் வாய் திறக்க மாட்டாள். வெயில் காலத்தில் அவள் வாயை மூடவைக்க ஆள் தேட வேண்டும். பாவம், தூக்கம் போதவில்லை என்று அத்தான் நினைத்தார். அவள் அறைக்கு உள்பக்கம் தடித்த துணி வைத்துக் கனமான திரை தைத்து மாட்டினார். மறு வருஷம் அவள் இன்னும் மோசமானாள். அவர் இன்னொரு அடுக்கு சேர்த்தார். ஊசிமுனை வெளிச்சம்கூட வராது என்று பெருமை வேறு. நானும் என் பங்குக்கு, "கொடுத்து வச்சவக்கா நீ" என்றேன்.

இந்த வருஷம் வேலையையும் விட்டுவிட்டாள். "எதுக்கு எழுந்திருக்கணும்?" என்று அவள் கேட்ட அன்றுதான் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதும்மா," என்றார் டாக்டர். "காலை வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் அது தினமும் சரியாகும். குளிர்காலத்துல வெளிச்சம் லேட்டா வருது, அதுவும் கொஞ்சமா. சில பேர் கண்ணுக்கு அந்தக் கொஞ்சம் பத்தாது. கடிகாரம் பின்தங்கிடும், மனசும் கூடவே சோர்ந்துடும். மருந்து தரேன். காலையில வெளிச்சத்துலயும் உட்காரணும். படுக்கிற ரூம் எப்படி?"

அத்தான் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். நான்தான் பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கிழக்கு ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினை மூலைக்குத் தள்ளினார். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். அந்த இடத்தில் அக்காவுக்கு நாற்காலி போட்டார். பிறகு அவள் அறையில் ஸ்டூல் மேல் ஏறித் திரையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வெளிச்சத்தையெல்லாம் நான் எடுத்துக்கிட்டு உன்னை இருட்டுல போட்டுட்டேன்," என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

அக்கா கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். "சில நாள் திறக்கணும்போல இருக்கும். எழுந்து போய்த் திரையைப் பிடிச்சுக்கூட நின்னிருக்கேன்."

"அப்புறம் ஏன் திறக்கலை?"

"நீங்க ஆசையாத் தச்சதாச்சே. கொடுத்து வச்சவன்னு இவ வேற சொன்னா. எப்படிங்க திறக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தான் ஸ்டூலை விட்டு இறங்கவேயில்லை. பாதி கழற்றிய திரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.