தைத்து வைத்த கடைசி அத்தியாயம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதல் வரியிலேயே அழுகையை எதிர்பார்த்திருப்பீர்கள். அழுதோம், இன்னும் அழுகிறோம். ஆனால் அதை முந்திக்கொண்டு சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தையல் வரைக்கும் வந்துவிட்டோம். எனக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. என்ன தையல் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

செய்யூர் பக்கத்தில், வேர்க்கடலையும் சவுக்கும் விளையும் ஊரில் அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்குப் பிறகு நான் ஒருத்திதான். வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் கிடையாது. அக்கா படித்ததெல்லாம் மளிகைக்கடைப் பொட்டலம். பருப்பு மடித்து வந்த வார இதழ்த் தாளில் பாதிக் கதை இருக்கும். கதாநாயகி கதவைத் திறந்தாள் என்ற இடத்தில் தாள் கிழிந்திருக்கும். மீதித் தாளைத் தேடி அக்கா மறுபடி கடைக்குப் போய் நிற்பார்.

"பருப்பு வாங்க வந்தியா, பேப்பரு வாங்க வந்தியா?" என்று கடைக்காரர் கேட்பார்.

"கதவுக்கு அந்தாண்ட யாரு கீறாங்கன்னு தெரியணும்ணா" என்பார் அக்கா.

அரைகுறையாக நின்ற கதை அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். இந்தக் குணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் அப்பா படுத்துவிட்டார். மேலே படிக்கவேண்டிய அக்கா கழனியில் இறங்கினார். நான் பட்டம் வாங்கி செங்கல்பட்டில் வங்கி வேலையில் உட்கார்ந்தது அவர் உழைப்பில். அதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. பிறகு மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டிய மாமாவை மணந்தார், வித்யா பிறந்தாள், வீடு கட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொரோனா வந்தது. சுற்றுலா நின்றது. மாமா வேனை விற்றார்.

வேன் போன பிறகு மாமா வாசலைத் தாண்டவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தொழில் திரும்பவும் சூடுபிடித்து, கூட வண்டி ஓட்டியவர்கள் வந்து கூப்பிட்டார்கள். அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. அக்கா ஒரு தங்கும் விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். மாமாவைப் பற்றி நான் ஏதாவது முணுமுணுத்தால், "அவருக்கு வண்டிதான்டி காலு. காலு போன மனுசன் இன்னா பண்ணுவாரு?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

அந்த விடுதிக்கு, மார்கழி மாதத்து நாட்டிய விழாவைப் பார்க்க ஜெர்மனியிலிருந்து வயதான ஓர் அம்மையார் வருவார். பகலெல்லாம் வராந்தாவில் ஒரு தடித்த நாவலோடு உட்கார்ந்திருப்பார். அக்கா சும்மா இருப்பாரா? என்ன கதை என்று கேட்டார். அந்த அம்மையாருக்குத் தெரிந்த ஆங்கிலமும் அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனாலும் அன்றன்று படித்ததை அவர் மாலைத் தேநீரோடு சொல்லத் தொடங்கினார். ஏரிக்கரையில் ஒரு பெரிய வீடு. பனி கொட்டி வழி அடைத்துவிட்டது. கடிகார வியாபாரம் செய்யும் பணக்காரர் தன் பிறந்தநாள் விருந்தில் சாப்பாட்டு மேஜையிலேயே செத்துக் கிடக்கிறார். மருமகன் முதலான உறவுக்காரர், குடும்ப டாக்டர், சமையல்காரி எல்லோரும் உள்ளே. கொன்றவர் அவர்களில் ஒருவர்.

வங்கியில் வாடிக்கையாளர் எதிரே நிற்கும் நேரத்தில் எனக்கு ஃபோன் வரும். "சமையக்காரி பொய் சொல்றாடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

கதை பாதியில் இருந்தபோது, மகனுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து அந்த அம்மையார் அவசரமாகக் கிளம்பினார். படித்த இடத்தில் ஒரு வேப்பிலையைச் செருகி, புத்தகத்தை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நாற்பதைக் கடந்த அக்கா மறுபடியும் மளிகைக்கடை வாசலில் நின்றார்.

"ஃபோன காட்னா தமிழ்ல வந்துடும்மா" என்றாள் வித்யா. காட்டினார்கள். வந்த தமிழில் போலீஸ்காரர் கைரேகை எடுக்கிறாரா, பாத்திரம் கழுவுகிறாரா என்றே விளங்கவில்லை.

"சரி, முடிவ மட்டும் நெட்ல தேடட்டா?"

"சோறு துன்றதுக்கு முன்னாடியே எல எடுக்கச் சொல்றியா நீ?" என்று அக்கா எரிந்து விழுந்தார். அதோடு நிற்கவில்லை. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் நீல நூலை எடுத்துவந்து, புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தின் தாள்களை ஓரமாகச் சேர்த்துத் தைத்துவிட்டார். தானே அவசரப்பட்டுப் புரட்டிவிடக் கூடாதாம், நாங்களும் புரட்டக் கூடாதாம். "ஒழுங்கா படிக்கக் கத்துகினு, நடந்து அங்க போய்ச் சேர்றேன்" என்றார்.

வித்யா சென்னையில் பழைய புத்தகக் கடையில் ஒரு ஜெர்மன் பாலபாடமும், குழந்தைகளுக்கான பட அகராதியும், ஒரு பெரிய அகராதியும் தேடி வாங்கிவந்தாள். எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணப் பத்திரிகைகள் அத்தனையும் அட்டைகளாக வெட்டப்பட்டன. ஒரு பக்கம் மாப்பிள்ளையின் பட்டப்படிப்பு, மறுபக்கம் ஜெர்மன் சொல். உப்பு ஜாடி, ஃப்ரிட்ஜ், சாமி அலமாரி எல்லாவற்றிலும் பெயர் ஒட்டினார். நான் ஒருமுறை போனபோது மாமாவின் நாற்காலியில் ஓர் அட்டை, அதில் உட்கார்ந்திருந்த மாமாவின் பனியனில் ஓர் அட்டை.

"மேஜை ஆம்பளையாம், சின்னப் பொண்ணு மட்டும் அதுவாம். இன்னா ஊருடி இது?" என்று ஜெர்மன் இலக்கணத்தைப் பற்றி என்னிடம் புகார் சொன்னார். ஆனால் நீளமான வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்பது தெரிந்த அன்று அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நம்ம மாதிரியேடி. கடைசி வரிக்கும் காத்துகினு இருக்கணும்."

இந்த இடத்தில்தான் மாமா குறுக்கே விழுந்தார். எங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதம் படிப்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பொருள் சொல்வார், ஊரே உட்கார்ந்து கேட்கும். அதெல்லாம் கோயில் வெளியில்தான். வீட்டுக்குள் பாரதம் படித்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்று யாரும் படிக்கமாட்டார்கள். மாமா அந்தச் சட்டத்தை ஜெர்மன் நாவலுக்கும் நீட்டினார்.

"அண்ணன் தம்பி சண்டையவே வூட்ல படிக்கக் கூடாது. இது கொலை. அதுவும் சோறு துன்ற எடத்துல கொலை. வூட்டுக்குள்ள வேணாம்."

அக்கா சண்டை போடவில்லை. "ரைட்டு. வெளிய போய்ப் படிக்கலாம். பொருள் சொல்ல ஆளு வேணுமில்ல, நீ வாய்யா."

சட்டம் போட்டவரே அவர்தான், தப்பிக்க வழியில்லை. வேன் விற்ற பிறகு மாமா சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து மாலை நேரத்தில், படகுகளை ஏற்றிப் போட்டிருக்கும் மணலில் பாரதம் நடந்தது. அக்கா ஒரு வரியை ஜெர்மனில் உரக்கப் படிப்பார். மாமா அட்டையையும் அகராதியையும் புரட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வார். அக்கா அவற்றைக் கூட்டிச் சேர்த்துக் கதையாக்குவார். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது. அடுத்த மாதமே அது பாதியாகக் குறைந்தது, போகப்போக நாளுக்கு ஒரு பக்கம் என்று ஓடியது. வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் காது கொடுத்தார்கள். கல் பட்டறையில் உளியைக் கீழே வைத்தவர்கள் நேராக அங்கே வந்தார்கள். மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு, "இன்னிக்கி யாரு மேல சந்தேகம்?" என்று கேட்டார்கள். சமையல்காரி கட்சி, மருமகன் கட்சி என்று கடற்கரை இரண்டாகப் பிரிந்தது. மாசி மகத்துக்கு வந்து மணலில் தங்கிய கூட்டத்தில் பாதிப் பேர் மருமகன் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். நான் டாக்டர் கட்சி. என்னோடு ஒருவரும் சேரவில்லை. ஞாயிறு வந்தால் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து ஓடுவேன்.

அடுத்த மார்கழியில் நாட்டிய விழா தொடங்கியதும் அக்கா ஒரு வேலை செய்தார். அகராதிக்கு அடங்காத வரிகளை அடையாளம் வைத்துக்கொண்டு, விழாப் பந்தலில் ஜெர்மன்காரர்களாகப் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மேடையில் பரதம் நடக்கும், இவர் பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு வரியை மட்டும் விரலால் காட்டுவார். எல்லோரும் ஆசையாகத்தான் சொல்லித் தந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் புத்தகத்தின் மேலட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நான் இதைப் படித்திருக்கிறேன், கொன்றது யார் தெரியுமா என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வரிசை முழுக்க முழங்கால்களை இடித்துத் தள்ளி வெளியே ஓடினார். செருப்பைக்கூட எடுக்கவில்லை. பின்னால் செருப்போடு ஓடியது மாமா. அந்தப் பெரியவர் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

அந்த வருடமே மாமா பழையபடி வண்டி ஓட்டப் போனார். வேறொருவர் வேன்தான். ஆனாலும் வெயில் சாய்ந்தால் மணலுக்கு வந்துவிடுவார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது புத்தகத்தில் கால்வாசி பாக்கி இருந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அக்கா டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு எவ்ளோ நாளு இருக்கும் சார்? கொஞ்சம் பக்கம் பாக்கி கீது." டாக்டர் நேரான மனிதர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்கள் என்றார். "போதும்" என்றார் அக்கா. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வார்டில் படிக்கலாமா என்று மாமா யோசித்துப் பார்த்துவிட்டு, "இது வூடு இல்லியே, படிக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். அங்கேயும் பாரதம் தொடங்கியது. பக்கத்துக் கட்டில் மதுராந்தகத்து அம்மாள், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்தார். "டாக்டரத்தான் புடிக்கப் போறாங்கன்னு தோணுது" என்று போகும்போது என்னிடம் சொன்னார். எனக்கென்று கிடைத்த ஒரே கட்சிக்காரர்.

வீடு திரும்பிய அக்கா கரும்புச் சக்கையாக மெலிந்திருந்தார். ஆனால் படிப்பில் தையல் வரைக்கும் வந்துவிட்டார். அன்று மாமாவிடம் பொருள் கேட்கவில்லை. "இத நா மட்டும் படிக்கிறேன்" என்றார். மணலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நூலைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நாங்களெல்லாம் படகுகளுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. விரல் வரி வரியாக நகர்ந்தது. இருட்டத் தொடங்கியதும் வித்யா ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. திடீரென்று அக்கா சிரித்தார். உடம்பு வலிக்க வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

மாமா ஓடிப்போய், "யாரு? இன்னா ஆச்சு?" என்றார்.

"ஊசி நூலு எட்தா வித்யா."

"ஏய், நா உன் புருசன்டி. எனக்குக்கூடவா சொல்ல மாட்ட?"

"சொல்லிட்டா நாளைக்கி நீ இங்க வருவியா? திரும்ப டிவி முன்னாடி போய் உக்காந்துக்குவ. படிச்சுத் தெரிஞ்சுக்கோய்யா. நெதம் வந்து படி."

அந்தத் தாள்களை அக்கா மறுபடி தைத்தார். முன்பைவிட நெருக்கமான தையல். சில வாரங்களில் எங்களை விட்டுப் போய்விட்டார். கடைசி நாட்களில் மருமகன் கட்சிக்காரர்கள் பார்க்க வந்து ஜாடையாகக் கேட்டபோதும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார், அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாள் மாலை மாமா சட்டை மாட்டிக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து. இப்போது அவர் படிக்கிறார், வித்யா பொருள் சொல்கிறாள், ஞாயிறுகளில் நான் அட்டை புரட்டுகிறேன். மாமாவின் உச்சரிப்பைக் கேட்டால் ஜெர்மன்காரர்கள் ஊரைவிட்டு ஓடுவார்கள். ஆனால் ஒருநாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை. சென்ற ஞாயிறு, அந்த நீலத் தையலுக்கு முந்திய பக்கத்தை முடித்தோம். மாமா தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அவ நாள்ல பிரிச்சிக்கலாம்" என்றார்.

அக்காவின் நோயில் பக்கத்தில் நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேலைக்கு வரமுடியாத மாதங்களிலும் கைவிடாத விடுதி உரிமையாளருக்கும், நாற்காலி தூக்கிவந்த மீனவச் சகோதரர்களுக்கும், பட்டறைத் தம்பிகளுக்கும், கட்சி பேதமில்லாமல் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேப்பிலை செருகிய புத்தகத்தைக் கொடுத்துப் போன அந்த ஜெர்மன் அம்மையார் எங்கே இருந்தாலும் நலமாக இருக்கவேண்டும்.

இன்று படையல் முடிந்து சாப்பிட்டவர்கள் உடனே கிளம்பிவிடாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் படகு நிற்கும் மணலுக்கு வாருங்கள். தையலைப் பிரிக்கிறோம். அந்த நாவலை உங்களில் யாராவது முன்பே படித்திருந்தால் தயவுசெய்து வாயைத் திறக்கவேண்டாம், எங்களுக்கும் காதைப் பொத்திக்கொண்டு ஓடத் தெரியும். வராதவர்களுக்கு முடிவு சொல்லப்பட மாட்டாது. படித்து முடித்ததும் மாமா மறுபடி தைத்துவிடுவார். நீல நூல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.