ஒட்டுமீசை மன்னர்

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கிருந்தும் நான் திருமயத்திலிருந்தும் வீடியோ காலில் பேசிக்கொண்டே ஒரே படத்தைப் பார்ப்போம்.

அன்று ஒரு பழைய ஹாலிவுட் சரித்திரப் படம். மங்கோலிய மன்னராக நீலக்கண் அமெரிக்கர் ஒருவர் தொங்குமீசை ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சிரிக்காத புள்ள. நம்ம கோயில் நாடகத்துல அறுபது வயசுக்காரரு தொப்பையோட முருகனா வந்தா, கும்பிடத்தானே செய்றோம்?” என்றார் அவர்.

நாடகம் என்றதும் கேட்டுவிட்டேன். “இந்தத் திருவிழாவுக்காவது வருவீங்களா?”

“கட்டாயம் வாரேன். லீவு கெடச்சிரும்,” என்றவர் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டார். அந்த ஒட்டுமீசைக்காரரே தேவலை. அவ்வளவு மோசமான நடிப்பு.

ஆனால் தொப்பை முருகனையே நம்பிக் கும்பிடுகிறவள் நான். நாடகத்தன்று மேடைக்கு முன்னால் இரண்டு பேருக்குப் பாய் விரித்தேன். விடியும்வரை பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லை.