வாசலில் பரப்பிய செருப்புகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் வகுப்பு நன்றாக நடக்கிறதா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் போதும். குவியல் பெரிதென்றால் அம்மாமார் யோசிக்காமல் பிள்ளையைச் சேர்த்துவிடுவார்கள். என் வாசலிலோ என்னுடைய ஒரு சோடி மட்டும்தான் கிடந்தது. அதைப் பார்த்து யார் வருவார்கள்?

நான் தொடங்கியது பிள்ளைகளுக்கான வகுப்பு அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, இந்தத் தொடர்மாடிகளில் குடியிருந்துகொண்டு, பஸ்ஸில் ஏறியதும் வாயடைத்துப் போகிற பெண்களுக்குச் சிங்களம் பேசப் பழக்கும் வகுப்பு. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்ததில் எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. பொரளையில் ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடந்தபோது, எங்கே நோகிறது என்று தாதிக்குச் சொல்லத் தெரியாமல், நான் வேலை முடிந்து வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அம்மா போன பிறகும் அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை. கடை மூடப்பட்டு என் வேலையும் போனபோது, இனி இதைத்தான் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கனடாவிலிருந்து அண்ணன் போனில் கத்தினார்.

"இந்த வயசில உனக்கென்ன விசரோ? வீட்டை வித்துப்போட்டுப் பேசாம இஞ்ச வா."

"தைப்பொங்கல் வரைக்கும் பாக்கிறன் அண்ணா. ஒருத்தரும் வராட்டி வாறன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்குக் குளிரும் வேண்டாம், இன்னொருவர் வீட்டு அறையும் வேண்டாம். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கமும் எனக்கில்லை.

கீழே பலசரக்குக் கடையிலும் லிப்டுக்குள்ளும் விளம்பரம் ஒட்டினேன். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் பல்கனியில் கிடந்த பெட்டி நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு போன எல்லோரும் செருப்பை விட்டுவிட்டுத்தான் போனார்கள். குளிர் நாட்டில் ரப்பர் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வகுப்பு நாட்களில் பின்னேரம் அவற்றைத் தூசு தட்டி வாசலில் பரப்பினேன். அண்ணியுடையது, தங்கையுடையது, அண்ணனின் மகள்மாருடையது. அவசரமாகக் கழற்றியதுபோல இருக்கட்டும் என்று ஒன்றைக் கவிழ்த்தும் வைத்தேன். அண்ணனின் பெரிய சோடி பெட்டியிலேயே இருந்தது. பெண்கள் வகுப்பில் அவருக்கு என்ன வேலை? கடைசியாக அம்மாவின் செருப்பையும் எடுத்து வைத்தேன்.

வெளியே இத்தனை செருப்பு இருந்தால் உள்ளே சத்தம் கேட்க வேண்டாமா? கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் கதிரைகளைப் பார்த்து உரத்த குரலில் பாடம் நடத்தினேன். என் முழங்கால் வலியை வைத்தே ஒரு வசனம் கட்டியிருந்தேன்: "மல்லி, பொட்டக் இன்ன. மகே தணஹிஸ ரிதெனவா, ஹெமின் பஹின்ன ஓனே." தம்பி, கொஞ்சம் பொறு, முழங்கால் நோகிறது, மெதுவாக இறங்க வேண்டும் என்று பஸ் கொண்டக்டரிடம் சொல்வது. ஒருமுறை சொல்லி, மாணவிகள் திருப்பிச் சொல்ல நேரம் விட்டு, மறுபடி சொல்வேன். அந்த இடைவெளியில் கடற்கரை ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்கும். பல வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டவள் நான். அது என்னை ஒன்றும் செய்ததில்லை. பதில் வராத அந்த இடைவெளிதான் என்னை அழ வைத்தது. அழுதுவிட்டு அடுத்த வசனத்தைச் சொல்வேன்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் காலை கொட்டாஞ்சேனைக்குக் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, கடவுளும் அண்ணன் சொன்னதையே சொல்லிவிட்டால்?

திரும்பி வரும் பஸ் வெள்ளவத்தையை நெருங்கும்போது, முன்பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "மல்லி, பொட்டக் இன்ன. மகே தணஹிஸ ரிதெனவா..." ஒரு எழுத்துப் பிசகாமல் என் வசனம். கொண்டக்டர் பாவப்பட்டுக் கை கொடுக்கப் போனான். அந்தப் பெண்ணோ கையைப் பிடிக்காமல் துள்ளிக் குதித்து இறங்கினார். அவர் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையிலேயே முழங்கால் நோகிற நான் தட்டுத்தடுமாறிப் பின்னால் இறங்கினேன்.

"தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்கோ!"

குரலைக் கேட்டதும் அவர் அப்படியே நின்றார். திரும்பி வந்து என் வாயையே பார்த்தார்.

"ரீச்சரோ?"

"ஓம். என்னை எப்பிடித் தெரியும்?"

"குரல் தெரியும். நான் உங்களுக்குக் கீழ் மாடி. நீங்கள் படிப்பிக்கேக்க படியில இருந்து கேக்கிறனான்."

"உள்ளுக்கு வந்திருக்கலாமே?"

"அவ்வளவு செருப்பு கிடக்கு! அத்தனை பேருக்கு முன்னால பிழையாக் கதைச்சா வெக்கம் எல்லோ?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஆனா நீங்கள் சொன்னாப்பிறகு உள்ள ஒருத்தற்ற சத்தமும் கேக்கிறேல்லை. அவையும் என்னைப்போல மெல்லமாத்தான் சொல்லுகினமாக்கும் எண்டு நினைச்சன்."

"நீங்களும் திருப்பிச் சொல்லுறனீங்களோ?"

"ஓம். ஒவ்வொண்டும்."

வீதியோரத்தில், பஸ் புகைக்குள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முழங்கால் நோகுதோ என்று கேட்டு அவர் என் கையைப் பிடித்தார். ஓம் என்றேன்.

அடுத்த வகுப்பு நாளில் செருப்புகளை எல்லாம் பெட்டிக்குள் போட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தேன். வாசலில் என்னுடையது மட்டும். அவர் வந்து அதன் பக்கத்தில் தன்னுடையதைக் கழற்றிவிட்டு, வெறும் கதிரைகளைச் சுற்றிப் பார்த்தார்.

"மற்ற ஆக்கள் இன்னும் வரேல்லையோ ரீச்சர்?"

"இன்னும் வரேல்லை. நீங்கள்தான் முதல் ஆள்."

முதல் வசனத்தைச் சொல்லி, வழக்கம்போல நேரம் விட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு திருப்பிச் சொன்னார். பிழை விட்டார், திருத்தினேன், மறுபடி சொன்னார். மேசையில் போன் அதிரத் தொடங்கியது. அண்ணன். பொங்கல் வருகிறதே, முடிவு கேட்கத்தான் எடுத்திருப்பார். நான் எடுக்கவில்லை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது.