விஷயம் தெரிந்தவன் அடுக்கிய கற்கள்

ப்ரோவோ நகரில் குழாய்க்கடை வைத்திருக்கும் டெல்வின் ராஸ்பண்ட், வருஷம் முழுக்கச் சாதுவான மனிதர்தான். மே மாதம் வந்தால் மட்டும், யூட்டா பாலைவனத்தைத் தானே கண்டுபிடித்தவர்போல் ஆகிவிடுவார். கூடாரம், அடுப்பு, மடக்கு நாற்காலி, வீட்டுத் தலையணை எல்லாம் வண்டியில் ஏறும். ஏறாதது மனைவி லோர்னா ஒருத்திதான். கூடாரத்துக்கு அந்த அம்மாள் என்றைக்கோ பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள்.

மகள் ஜனெஸாவும் மூன்று வருஷமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவந்தாள். இந்தத் தடவை என்ன தோன்றியதோ, டென்வரிலிருந்து வந்துவிட்டாள். டெல்வினுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷமும் அவள் வர வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்காக அவளை விடியுமுன் எழுப்பினார். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று நச்சரித்தார். உருளைக்கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றி, நெருப்பில் கரியாக்கிக் கொடுத்தார். பாலைவனத்தின் தனிமையை அனுபவிக்க வந்த வண்டிகள் தேசியப் பூங்கா வாசலில் வரிசைகட்டி நின்றபோது, ஒவ்வொரு பாறைக்கும் வயது சொன்னார்.

பூங்காவுக்குள் நடந்துபோய் வெறும் பாறைமேல் ஏறியதும் நடைத்தடம் மறைந்துவிட்டது. அங்கெல்லாம் வழி தெரிவதற்காகச் சில கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் அந்த அடுக்குகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன.

"மேப்ப எடுங்கப்பா," என்றாள் ஜனெஸா.

"மேப்பெல்லாம் டூரிஸ்ட்டுக்கும்மா. இந்தப் பக்கத்து அடுக்கப் பாரு, எவ்வளவு நேர்த்தி. வச்சவன் விஷயம் தெரிஞ்சவன்."

விஷயம் தெரிந்தவனின் கற்கள் அவர்களை முட்புதருக்குள் இழுத்தன, ஒரு மேட்டைச் சுற்றவைத்தன, கடைசியில் செங்குத்தான பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தின. அதே கற்களை நம்பி ஒரு தம்பதியும் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

"எந்தக் கழுத இத அடுக்குனது?" என்றார் அந்த மனிதர்.

"பொறுப்பில்லாத ஜென்மங்க," என்று டெல்வினும் தலையாட்டினார்.

கடைசி அடுக்கின் அடியில் செருகியிருந்த ஒரு தொப்பியை ஜனெஸா உருவினாள். வெயிலில் வெளுத்திருந்தாலும் 'ராஸ்பண்ட் குழாய்க்கடை' என்ற எழுத்து தெளிவாகவே இருந்தது. போன வருஷம் தனியாக வந்து திரும்பியவர், தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாக வீட்டில் சொல்லியிருந்தார். தம்பதி இருவரும் எழுத்தைப் படித்தார்கள், டெல்வினைப் பார்த்தார்கள், திரும்பி நடந்தார்கள்.

"போன வருஷம் வழி தவறிட்டீங்களா?" என்றாள் ஜனெஸா.

"கொஞ்ச நேரம்."

அவள் விடாமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"இருட்டுற வரைக்கும்," என்றார். "யாராச்சும் தேடி வந்தா கண்ணுல படட்டும்னு வழியெல்லாம் கல்ல அடுக்கி, கடைசில தொப்பிய வச்சேன். அப்புறம் தூரத்துல வண்டி வெளிச்சம் தெரிஞ்சுது. அதப் பாத்து நடந்து ரோட்டுக்கு வந்துட்டேன்."

"போன்ல கேட்டப்போ ஜாலியா இருந்துச்சுன்னீங்களே."

"நீ வரலியேன்னு சொல்லவா முடியும்?"

திரும்பும் வழியில் இருவருமாக ஒவ்வொரு அடுக்கையும் கலைத்துப்போட்டார்கள். டெல்வின் ஒரு பாறையின் வயதையும் சொல்லவில்லை.

"அடுத்த வருஷம் மேப் என் கையிலதான் இருக்கும்," என்றாள் அவள். "நீங்க வாயத் தொறக்காம பின்னாடி வரணும். உருளைக்கிழங்கையும் தொடக் கூடாது."

டெல்வின் காதில் அடுத்த வருஷம் என்பது மட்டும்தான் விழுந்தது.