கீழ் வரிசை, மூன்றாவது மாடம்

என் பெரியம்மாவை இருபத்தெட்டு வருஷம் தவறான கல்லறைக்கு முன்னால் உட்கார வைத்தேன். அறியாமல் செய்தது முதல் இரண்டு வருஷம்தான். மீதி இருபத்தாறும் அறிந்தே செய்தது.

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில், வெள்ளைக்காரர் காலத்துப் பொதுக் கல்லறை மண்டபம் ஒன்று உண்டு. மேலே கும்மட்டம். உள்ளே மூன்று சுவரிலும் வரிசை வரிசையாக மாடங்கள். மாடத்துக்கு ஒரு பெட்டி, அதை மூடி ஒரு கல்பலகை. துரைக்கும் துரை வீட்டுத் தோட்டக்காரருக்கும் அங்கே ஒரே அளவுதான். பெரியப்பா தோட்டக்காரர். உயிரோடிருந்தவரை ஒரு காணி நிலமும் இல்லாதவருக்கு அங்கே இடம் கிடைத்ததில் குடும்பத்துக்கே பெருமை.

அந்தக் காலத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அதனால் அவர் எந்த மாடத்தில் இருக்கிறார் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. நவம்பரில் வரும் கல்லறைத் திருநாள்தோறும் பெரியப்பாவின் தம்பிதான் மெழுகுவத்தி ஏற்றிவந்தார். அவரும் போய்ச் சேர்ந்த வருஷம், அம்மாவின் அக்காவான பெரியம்மா கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஆறாம் வகுப்பு. நான் இங்கிலீஷில் புலி என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பலகைகளில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ்.

"பெரியப்பா பேரு என்னா பெரியம்மா?"

"புருஷன் பேர வாயால எப்பிட்றா சொல்றது? மோட்சத்துச் சாவிய வச்சிக்கினு நிப்பாரே, அவரு பேருதான்."

பேதுரு. 'பி'யில் தொடங்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். மற்ற எழுத்துகள் கொடிபோலச் சுருண்டு கிடந்தன. மேல் வரிசைகளில் குளவிக்கூடு வேறு. படிக்க வரவில்லை என்று சொல்ல மானம் இடம் தரவில்லை. கீழ் வரிசையில் மூன்றாவது பலகையில் ஒரு 'பி' கண்ணில் பட்டது.

"இதான் பெரியம்மா."

அவர் மடியிலிருந்து ஒரு கட்டுப் பீடியும் தீப்பெட்டியும் வறுத்த மல்லாட்டைக் கடலை ஒரு கையும் எடுத்து வைத்தார். சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"ஏன்யா, கூரை மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கினே இருந்தியே, மாத்துனியா? மழை வந்தா நானும் புள்ளையும் சட்டிய வச்சிக்கினு குந்திக்கினு இருக்கிறோம். நீ கல்லு வூட்டுல ஜம்முனு படுத்துக்கினு இருக்குற!"

ஒரு மணி நேரம் திட்டினார். எழுந்தபோது முகம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருந்தது. இத்தனை கோபப்பட்டவர் எப்படிச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார் என்று எனக்கு விளங்கவில்லை.

எட்டாம் வகுப்பில் அந்தப் பலகையைப் படித்துவிட்டேன். உள்ளே இருந்தது ஒரு வெள்ளைக்கார அம்மாள். பாதிரியாரின் தங்கை, கலியாணம் ஆகாதவர், 'சாந்தகுணம் உள்ளவர்'. பீடியெல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. சொன்னால் என் இங்கிலீஷ் அம்பலமாகும். அடுத்த வருஷம் சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு விழுப்புரத்தில் வேலை, கலியாணம், பிள்ளைகள். ஒவ்வொரு நவம்பரிலும் அவரை அதே பலகை முன் உட்கார வைத்துவிட்டு, வெளியே வந்து நின்றுகொண்டேன்.

ஒரு வருஷம் அவர் பக்கத்துக் காலி மாடத்தைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இத சொல்லி வைடா. அவுரு பக்கத்துலயே கெடந்துடறேன்."

மறுநாளே ஏணி கொண்டுபோய், குளவிக்கூட்டைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, பலகை பலகையாகத் தேய்த்தேன். கன்னத்தில் இரண்டு கொட்டு. எதிர்ச்சுவரில், மேல் வரிசையில் இருந்தார் பெரியப்பா. வீங்கிய முகத்தோடு போய்ப் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வீங்காத கன்னமாகப் பார்த்து ஓர் அறை விட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பொம்பளையாடா?"

"ஆமா பெரியம்மா."

"பீடிய வச்சனேடா!"

தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருஷம் நான் கத்துனத அந்தாளு மேல இருந்துக்கினு கேட்டுக்கினுதான இருந்தாரு? இங்க இருக்கேன்னு ஒரு வார்த்த சொன்னாரா பாரு! உசுரோட இருந்தப்பவும் இதே குணந்தான்."

மேல் வரிசையில் அவர் பக்கத்திலேயே இடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். என்னால் முடிந்த பரிகாரம் அதுதான்.

"வேணாம்டா. கீழயே இருக்கட்டும். அந்தம்மா பாவம், என் வூட்டுக் கதையெல்லாம் வாயத் தொறக்காம கேட்டா. அவ கதைய யாரு கேட்டா?"

அடுத்த நவம்பரில் பீடிக்கட்டோடு நான் ஏணியேறினேன். கீழே பெரியம்மா தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, வெள்ளைக்கார அம்மாளிடம் பெரியப்பாவைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் நான்காவது மாடத்தில் இருக்கிறார். அங்கே இங்கிலீஷில் வெட்டுவதுதான் வழக்கம் என்றார் கல் வெட்டுகிறவர். தமிழில், ஆறாம் வகுப்புப் பிள்ளையும் படிக்கிற அளவில் வெட்டச் சொன்னேன்.