துணைக்குப் போகிற மெஹருன்னிசா

கீழக்கரையில் மெஹருன்னிசாவை அறியாத வீடு குறைவு. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு ராமநாதபுரம் வரை பஸ்ஸில் துணை போகிறவள் அவள்தான். "மெஹருன்னிசா கூட வந்தா படிக்கட்டும், இல்லாட்டி வீட்டுல கெடக்கட்டும்" என்பதே பல வீடுகளில் பேச்சு. துணைக்கு ஆளில்லாமல்தான் அவளுடைய படிப்பும் பள்ளியோடு நின்று போனது. துபாய்க்குச் சபர் போன கணவர் அங்கேயே மௌத்தாகி அடக்கமும் ஆனார். பிள்ளை இல்லை. பகலெல்லாம் கல்லூரி வாசலில் வேப்பமர நிழலில் ஒற்றையாய் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் பிள்ளைகள் சலசலவென்று வந்து சூழும்போதுதான் அவளுக்குப் பொழுதே விடியும்.

ஒவ்வொருத்தியாகப் படித்து முடித்துப் போய்விட, மிஞ்சியவள் நஸீஹா. தினமும் பஸ்ஸில் மெஹருன்னிசா மாமியின் தோளில் சாய்ந்து தூங்குவாள். ராமநாதபுரத்துக்கு முன்னால் திருப்புல்லாணி வந்ததும் மாமி எழுப்பிவிட வேண்டும்.

அந்த நஸீஹாவுக்கு மதுரையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது, விடுதியோடு. மீன்வண்டி ஓட்டும் அவள் வாப்பா முஹைதீன், மெஹருன்னிசாவைக் கூப்பிட்டு விட்டார்.

"லாத்தா, இவ தனியா போயிப் பொழைப்பாளா? நீங்க சொல்றதுதான் முடிவு. இல்லேன்னா ராமநாதபுரத்துலயே பி.எட். சேரட்டும். நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

இன்னும் இரண்டு வருஷம் அந்தத் தலை இந்தத் தோளில் கிடக்கும்! 'பொழைக்க மாட்டா' என்று சொன்னால் போதும். மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். கதவோரம் துப்பட்டா நுனியைக் கடித்தபடி நஸீஹா நின்றாள்.

"தம்பி, போன மாசம் ஒரு வாரம் நான் காய்ச்சல்ல எந்திரிக்கவே இல்ல. ஒம்மவ தனியாத்தான் போனா, வந்தா. ஒனக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திப்புடுவியேன்னு நாந்தான் மறைச்சேன்."

"அல்லாவே! ஊரே ஒங்கள நம்பியில்ல..."

"பத்திரமாத்தானே வந்தா? நிக்காத பஸ்ஸ ஓடிப்போயி மறிக்கிறதே அவதான். நான் முட்டுவலியோட பின்னால நொண்டிக்கிட்டு வாரேன்."

முஹைதீனுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போகட்டும். ஆனா லாத்தா, இனிமே எந்த வீட்டுல ஒங்கள நம்பிப் புள்ளைய அனுப்புவாக?"

அவர் சொன்னபடியே ஆயிற்று. கல்லூரி திறந்தும் யாரும் அவளைத் தேடி வரவில்லை.

ஒருநாள் முட்டுவலிக்கு மருந்து வாங்க ராமநாதபுரம் பஸ் ஏறினாள். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கண்டக்டர் "திருப்புல்லாணி!" என்று குரல் கொடுத்ததும், எழுப்புவதற்காக அவள் கை தானாகத் தோள் பக்கம் போனது.